மீன் டாக்டர் கண்டுபிடித்த சேவல்

அவர் மீனுக்கு வைத்தியம் பார்ப்பவர் அல்ல. உண்மையைச் சொன்னால், நல்ல கண்ணோடு நீந்திக்கொண்டிருக்கும் மீன்களைக் குருடாக்குவதுதான் அவருடைய வேலையின் முதல் பாதி. ஆனாலும் தெருவில் ‘மீன் டாக்டர்’ என்று பெயர் விழுந்துவிட்டது. ஆய்வு நிலையத்தில் அவருடைய அறைக் கதவில் பதவிப் பலகை எத்தனையோ முறை மாறியது. தெருவில் கொடுத்த பதவி மட்டும் மாறவே இல்லை.

கண் ஆராய்ச்சிக்கு அவர் ஆசைப்பட்டு வரவில்லை. இதயத்தைப் பற்றி ஆராயத்தான் விண்ணப்பித்திருந்தார். இதயப் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் நாற்காலி காலியாக இல்லை. அடுத்த அறையில், மீன்தொட்டிகளுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருந்த பேராசிரியரிடம் நாற்காலி இருந்தது, உட்காரத்தான் ஆள் இல்லை. “கொஞ்ச நாள் இங்க இரும்மா. அங்க இடம் வந்ததும் போயிடலாம்” என்றார். இடம் வந்தபோது மீன் டாக்டர் போகவில்லை. அதற்குள் ஒரு மீனின் விழித்திரையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டிருந்தார்.

விரல் நீளம்கூட இல்லாத, உடம்பில் நீலக்கோடு போட்ட மீன் அது. அதைச் சிறு தொட்டியில் விட்டு, சுற்றிலும் கண் கூசும் விளக்குகளைச் சில நாள் அணைக்காமல் எரியவிட்டால், விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் செத்துவிடும். மனிதனாக இருந்தால் கதை அதோடு முடிந்தது. மீனுக்கு அங்கேதான் ஆரம்பிக்கிறது. விழித்திரைக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு, தூண் மாதிரி சும்மா நின்றிருந்த ஒரு வகைச் செல்கள் திடீரென்று விழித்துக்கொள்ளும். தங்கள் வயதை மறந்து குழந்தைப் பருவத்துக்குத் திரும்பி, இரண்டிரண்டாகப் பிரிந்து, செத்துப்போனவற்றுக்குப் பதிலாகப் புதிய செல்களைச் செய்யும். ஒரு மாதத்தில் மீன் பழையபடி இரையைத் துரத்தும். அதே தூண் செல்கள் நம் கண்ணிலும் இருக்கின்றன. ஆனால் என்ன நடந்தாலும் அவை எழுந்திருப்பதில்லை. மீனிடம் எழுப்பிவிடுவது யார், நம்மிடம் அவர் ஏன் இல்லை என்ற கேள்விக்கு மீன் டாக்டர் தன் வாழ்நாளைக் கொடுத்தார்.

கல்யாணமும் கண் வழியாகத்தான் வந்தது. இருட்டறையில் வேலை செய்யும்போது மூக்குக்கண்ணாடி கீழே விழுந்து உடைந்துபோக, பக்கத்திலிருந்த கண்ணாடிக் கடைக்குப் போனார். கடைக்காரரின் மகன் என்ன வேலை என்று கேட்டான். அவர் சொல்ல ஆரம்பித்தார். தூண் செல், பிரிதல், புதுக்கண் என்று முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்ட முதல் ஆள் அவன்தான். பிரேம் மூக்கில் சரியாக உட்காருகிறதா என்றுதான் அவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருந்ததாகக் கல்யாணத்துக்குப் பிறகு ஒப்புக்கொண்டான்.

மாமனாருக்குத்தான் கவலை பிடித்தது. அவர் ஆரம்பித்த கடை அது. மருமகள் ஜெயித்துவிட்டால் கடையை மூட வேண்டியதுதானே என்று மகனிடம் தனியாகக் கேட்டிருக்கிறார். மருமகள் உட்கார்ந்து விளக்கினார். கண்ணாடி என்பது வெளிச்சத்தைச் சரியான இடத்தில் விழவைக்கிற சமாச்சாரம். தான் ஆராய்வது அந்த வெளிச்சம் விழுகிற திரை. திரை கிழிந்தவனுக்கு எந்தக் கண்ணாடியும் உதவாது. மாமனார் யோசித்தார். “அப்ப உன் ஆளுங்க என் கடைக்கு வரப்போறதில்ல, என் ஆளுங்க உன்கிட்ட வரப்போறதில்ல. சரிம்மா, நல்லா ஆராய்ச்சி பண்ணு” என்றார். அவருக்கு எண்பது தாண்டியும் ஊசியில் நூல் கோக்கிற பார்வை இருந்தது. ஆனாலும் பவரே இல்லாத கண்ணாடியை மாட்டிக்கொண்டுதான் கல்லாவில் உட்காருவார். வெறுங்கண்ணோடு உட்கார்ந்தால் வியாபாரத்துக்கு மரியாதை இல்லையாம்.

சேவல் கிடைத்தது கல்யாணமான சில வருடங்களில். விளக்கொளியில் கண் கெட்டுப்போன சில மணி நேரத்துக்குள் தூண் செல்களில் ஒரு மரபணு மட்டும் மற்றவற்றையெல்லாம் மிஞ்சிக் குரல் கொடுப்பதை அவர் கவனித்தார். தூங்குகிறவர்களை எழுப்பக் கத்துகிறது என்று கூடத்தில் யாரோ அதைச் ‘சேவல்’ என்றார்கள். அந்தப் பெயரே அச்சிலும் ஏறிவிட்டது. அதுதான் எழுப்புகிறதா என்று சோதிக்க வேண்டுமே. அந்த மரபணுவின் வாயை மட்டும் அடைக்கும் ஒரு மருந்தை மீனின் கண்ணில் ஊசி போட்டார். ஒப்பிட்டுப் பார்க்க வேறு மீன்களுக்கு எதையும் அடைக்காத மருந்தைப் போட்டார். ஒப்பீட்டு மீன்களுக்கு வழக்கம்போலக் கண் வளர்ந்தது. சேவலின் வாயை அடைத்த மீன்களுக்கு வளரவே இல்லை. கணக்கு அழகாக முடிந்தது.

கட்டுரை பெரிய இதழில் வந்தது. அட்டையில் அவர் எடுத்த படம், பச்சையும் சிவப்புமாக ஒரு மீனின் விழித்திரை. ஆய்வு நிலையத்தின் வரவேற்பறையில் அதைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். பத்திரிகைகள் ‘பார்வையற்றோருக்கு விடிவு’ என்று எழுதின. அதற்குப் பிறகு வாரம் ஒருவராவது கண் நோயோடு வீட்டு வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, தான் அந்த மாதிரி டாக்டர் இல்லை, மீனுக்கு நடப்பது மனிதனுக்கு நடக்க இன்னும் வெகுகாலம் ஆகும் என்று சொல்லி, கண் ஆஸ்பத்திரிக்கு வழிசொல்லி அனுப்புவார். மருந்து கையிலேயே இருக்கிறது, வேண்டியவர்களுக்கு மட்டும் கொடுக்கிறார் என்று திரும்பிப் போகிறவர்கள் பேசிக்கொண்டார்கள்.

அதன் பிறகு சேவலை வைத்து ஒரு பண்ணையே உருவானது. சேவலுக்கு யார் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று ஒரு மாணவர் ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கினார். கூவுவது யார் காதில் விழுகிறது என்று இன்னொருவர் வாங்கினார். எலியின் சேவல் ஏன் ஊமையாக இருக்கிறது என்று மூன்றாமவர். அவர்களெல்லாம் வெவ்வேறு ஊர்களில் பேராசிரியர்களாகி, தங்கள் மாணவர்களுக்கும் சேவலையே பிரித்துக் கொடுத்தார்கள்.

ஓய்வுபெறச் சில வருடங்கள் இருக்கும்போது ஒரு மாணவி வந்து சேர்ந்தாள். தொட்டியைக் கழுவுவதிலிருந்து பேசுவதுவரை எல்லாவற்றையும் மெதுவாகச் செய்வாள் என்பதால் கூடத்தில் அவளுக்கு ‘நிதானம்’ என்று பெயர். மரபணுவை மருந்தால் அடைப்பதற்குப் பதிலாக, வேரோடு வெட்டியெடுத்துவிடும் புதுமுறை அப்போது வந்திருந்தது. சேவலே இல்லாத மீன்களை உண்டாக்கி வளர்க்கும் வேலையை மீன் டாக்டர் அவளிடம் கொடுத்தார். முடிவு என்ன வரும் என்பது தெரிந்த கதை. புதுமுறையிலும் ஒரு தடவை செய்து வைத்துக்கொண்டால் நல்லது என்றுதான்.

மீன்களை உண்டாக்கி, தலைமுறை பார்த்து, விளக்கில் வைத்து, நிதானம் தன் வேகத்தில் முடித்தாள். ஒரு நாள் காலையில் அறைக்கு வந்து, வாசலிலேயே நின்றாள்.

“மேடம், மீனுக்குக் கண்ணு வந்துடுச்சு.”

“வரக்கூடாதே.”

“ஆமா மேடம். ஆனா வந்துடுச்சு.”

மீனை மாற்றி எடுத்திருப்பாய் என்றார். அவள் மறுபடி செய்தாள். விளக்கு சரியாக எரிந்திருக்காது என்றார். அவள் மறுபடி செய்தாள். ஸ்லைடில் கலர் சரியாக ஏறவில்லை என்றார். நிதானம் புது ஸ்லைடுகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். கடைசியில் மீன் டாக்டரே எல்லாவற்றையும் தன் கையால் செய்தார். சேவல் இல்லாத மீன்களின் கண்களில், வரிசை பிசகாமல், புத்தம்புது செல்கள் நின்றுகொண்டிருந்தன. தான் எடுத்த அட்டைப் படத்தைவிட இது அழகாக இருக்கிறது என்பதுதான் அவருக்கு முதலில் தோன்றியது. அதற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது.

இன்னும் ஒரு வழி பாக்கி இருந்தது. மூத்த பிள்ளை இல்லாத வீட்டில் இளையவன் பொறுப்பை ஏற்பதுபோல, பிறவியிலேயே சேவல் இல்லாத மீனில் வேறொரு மரபணு அந்த வேலையைப் பழகியிருக்கலாம். அறிவியலில் நடக்கிற காரியம்தான். அந்த விளக்கத்தைப் பிடித்துக்கொண்டு அவர் கொஞ்ச நாள் நன்றாகத் தூங்கினார்.

அதையும் நிதானம்தான் கெடுத்தாள். தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, “மேடம், சேவலே இல்லாத மீனுக்கு அந்தப் பழைய மருந்த ஊசி போட்டா என்ன ஆகும்?” என்று கேட்டாள்.

கேள்வி முடிவதற்குள்ளேயே மீன் டாக்டருக்குப் புரிந்துவிட்டது. அந்த மருந்து சேவலின் வாயை அடைப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாதென்றால், சேவலே இல்லாத மீனில் அதற்கு வேலையே இருக்காது. கண் வழக்கம்போல வளர வேண்டும். வளராவிட்டால், மருந்து அன்றைக்கும் வேறு எதையோ கெடுத்துத்தான் வளர்ச்சியை நிறுத்தியிருக்கிறது என்று அர்த்தம். நல்ல கேள்வி என்றார். பிறகு அந்த மருந்தை வரவழைக்கச் சொல்ல ஒவ்வொரு நாளும் மறந்துபோனார். வீட்டுச் சாவியைக்கூட மறக்காதவருக்கு இது எப்படி மறக்கிறது என்று அவருக்கே வியப்பாக இருந்தது.

மருந்து ஒருவழியாக வந்தது. ஊசியை அவரே போட்டார். அந்தக் கூடத்தில் அவர் கைக்கு இணையான கை கிடையாது. குறித்த நாட்கள் முடிந்ததும் பார்த்தார்கள். சேவல் இல்லாமலேயே கண் வளர்த்துக்கொண்ட அதே குலத்து மீன்கள், மருந்து போட்டதும் வளர்க்கவில்லை.

மைக்ரோஸ்கோப்பிலிருந்து எழுந்து, “சாப்பிடப் போலாமா?” என்று நிதானத்திடம் கேட்டார். இருவரும் கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

சாயங்காலம் வீட்டில் கணவர் ஒரு பிரேமின் திருகை முடுக்கிக்கொண்டிருந்தார்.

“நான் கண்டுபிடிச்சது தப்புங்க” என்றார் மீன் டாக்டர்.

“எது?”

“எல்லாந்தான்.”

கணவர் பிரேமைக் கீழே வைத்தார். “மீனுக்குக் கண்ணு வளர்றது நெஜந்தானே?”

“அது நெஜம். ஆனா அத நான் கண்டுபிடிக்கல. எனக்கு முன்னாடியே எல்லாருக்கும் தெரியும்.”

“அப்ப உன்னோடதுன்னு என்னதான் இருக்கு?”

“தப்பு மட்டுந்தான்” என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. கணவர் எழுந்துபோய் அவருடைய கண்ணாடியை வாங்கித் துடைத்துக் கொடுத்தார். அழுதால் கண்ணாடி மங்கும் என்பது அவருக்குத் தொழில்முறையில் தெரியும்.

அடுத்த வாரம்தான் விருது அறிவிப்பு வந்தது. சேவலைக் கண்டுபிடித்ததற்காக வாழ்நாள் சாதனையாளர் விருது. அந்தத் துறையில் அதற்கு மேல் விருது கிடையாது. வாழ்த்துச் சொல்ல வந்தவர்களைத் தாண்டிக்கொண்டு அவர் நேரே இயக்குநரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் விளக்கினார். இயக்குநரும் ஒருகாலத்தில் விஞ்ஞானியாக இருந்தவர்தான், பொறுமையாகக் கேட்டார்.

“அது தப்புன்னு எங்கயாவது வெளிவந்திருக்கா மேடம்?”

“இன்னும் இல்ல சார். இப்பத்தான் எழுதிட்டிருக்கேன்.”

“அப்ப இன்னிக்குத் தேதிக்கு அது சரிதானே?”

மேடை, மண்டபம், சிறப்பு விருந்தினர் எல்லாம் ஏற்பாடாகிவிட்டது, நிலையத்துக்கே பெருமை, இதில் தனிமனித விருப்பு வெறுப்புக்கு இடம் கொடுக்கக்கூடாது என்றார் இயக்குநர். விழா முடிந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் தப்பை வெளியிட்டுக்கொள்ளலாம் என்றும் பெருந்தன்மையாகச் சொன்னார்.

விழாவுக்கு முன்பே வெளியிட்டுவிட வேண்டும் என்று அவரும் நிதானமும் கட்டுரையை இதழுக்கு அனுப்பினார்கள். எழுதியவர் பெயரை மறைத்து மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்பும் இதழ் அது. இரண்டு பேர் மதிப்பிட்டிருந்தார்கள். முதலாமவர், இந்த முடிவு சாத்தியமே இல்லை, கட்டுரையாளர்கள் இத்துறையின் முன்னோடியான அம்மையாரின் கட்டுரைகளை ஊன்றிப் படித்ததாகத் தெரியவில்லை, ஊசி போடுவதிலும் கைப்பழக்கம் போதாது, அம்மையாரின் ஆய்வுக்கூடத்துக்குச் சென்று சில மாதம் பயிற்சி பெறுவது நல்லது என்று எழுதியிருந்தார். இரண்டாமவர், சேவல் விஷயத்தில் எல்லோருக்கும் நெடுநாளாகவே சந்தேகம் உண்டு, இதில் புதிதாக ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தார். சாத்தியமே இல்லாததும் எல்லோருக்கும் தெரிந்ததுமான அந்தக் கட்டுரையை இதழ் நிராகரித்தது.

மின்னஞ்சலை நிதானத்துக்குப் படித்துக் காட்டினார். அவள் சிரித்து அவர் அன்றுதான் பார்த்தார். அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு ‘ஊன்றிப் படித்ததாகத் தெரியவில்லை’ என்ற வரியை மறுபடி பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. பிறர் கட்டுரையை மதிப்பிடும்போது இப்படித்தான் மென்மையாகக் குத்த வேண்டும் என்று அந்த வாக்கியத்தைத் தன் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். எழுதியது அவர்களில் ஒருவர். யாராக இருக்கும் என்று ஆராயவில்லை. தனக்காகத் தன்னிடமே சண்டைக்கு வந்த பிள்ளையை எப்படிக் கோபித்துக்கொள்வது?

விழா மண்டபம் நிறைந்திருந்தது. சிறப்பு விருந்தினர் பாராட்டிவிட்டு உட்கார்ந்தார். மீன் டாக்டர் ஒலிபெருக்கி முன்னால் வந்தார். எழுதி வைத்துப் படிக்கவில்லை.

“எதுக்காக இந்த விருது குடுக்கறீங்களோ, அது சரியில்ல. சேவல் இல்லாமலே மீனுக்குக் கண்ணு வளருது. நாங்களே சோதிச்சுப் பார்த்துட்டோம். அப்ப நான் போட்ட மருந்துதான் கோளாறு பண்ணியிருக்கு, அது எனக்குத் தெரியல. இத்தனை வருஷமும் தெரியல” என்றார்.

சிறப்பு விருந்தினர் எழுந்து தானே ஒலிபெருக்கியைப் பிடித்தார். இவ்வளவு பெரிய அறிஞர், தான் ஒன்றுமே செய்யவில்லை என்கிறாரே, இந்தத் தன்னடக்கத்தைத்தான் இளைஞர்கள் கற்க வேண்டும் என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. மீன் டாக்டர் மறுக்கக் கையைத் தூக்கினார். வணக்கம் சொல்கிறார் என்று நினைத்துக் கூட்டம் எழுந்து நின்று தட்டியது. உட்கார்ந்தே இருந்தவர்கள் இரண்டே பேர், கணவரும் நிதானமும்.

மறுநாள் பத்திரிகைகளில் அந்தத் தன்னடக்கம் கண்டுபிடிப்பைவிடப் பெரிய எழுத்தில் வந்தது. வீட்டைத் தேடிவந்த கூட்டம், வீடு பூட்டியிருந்ததால் கடைக்குத் திரும்பியது. மீன் டாக்டரின் கடையிலேயே கண்ணாடி வாங்கினால் கொஞ்சமாவது பலன் இருக்கும் என்று ஒரு பேச்சுக் கிளம்பியிருந்தது. கணவருக்கு மனசு கேட்கவில்லை. ‘இங்கே கண்ணாடி மட்டுமே விற்கப்படும், வேறு எந்த விசேஷமும் இல்லை’ என்று எழுதிப் பலகை மாட்டினார். இவர்கள் குடும்பமே இப்படித்தான், அடக்கம் என்றார்கள் வந்தவர்கள். கூட்டம் இரட்டிப்பானது. பலகையில் இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தாகப் போட்டிருக்கலாம் என்றார் மாமனார்.

கட்டுரை கடைசியில் யாரும் அதிகம் புரட்டாத ஓர் இதழில் வந்தது. பழைய மாணவர்களில் ஒருவர் அவரோடு பேசுவதை நிறுத்தினார். இன்னொருவர், துறைக்கே கெட்ட பெயர் என்று வருத்தப்பட்டார். வெகுகாலத்துக்கு முன் கூடத்தை விட்டுப் போய் வேறு ஆராய்ச்சிக்கு மாறிவிட்ட ஒருவர் மட்டும் போனில் கூப்பிட்டார். அந்த நாளிலேயே, சேவலை அடைக்கும் வேறொரு மருந்தைத் தான் முயன்று பார்த்ததாகவும், கண் வளர்ந்துவிட்டதாகவும் சொன்னார்.

“அப்பவே ஏன்பா சொல்லல?”

“சொன்னேன் மேடம். ஊசி சரியா எறங்கியிருக்காதுன்னு சொன்னீங்க. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. உங்க மேல சந்தேகம் வரல, என் கை மேலதான் வந்துச்சு. அதான் இந்த வேலைக்கு லாயக்கில்லன்னு போயிட்டேன்.”

குறையாகச் சொல்லவில்லை, பழைய கதை பேசுகிற குரலில்தான் சொன்னார். இப்போது நன்றாக இருப்பதாகவும் சொன்னார். மீன் டாக்டருக்கு அந்த நாள் எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லை. விருது மேடையில் வராத வெட்கம் அந்தப் போனை வைத்த பிறகு வந்தது. அன்றிலிருந்து, மாணவர்கள் வேண்டாத முடிவோடு வந்தால், முதலில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொல்லும் பழக்கம் அவருக்கு வந்தது. பணியில் மிச்சமிருந்தது கொஞ்ச காலம்தான்.

நிதானத்துக்குப் பட்டம் கிடைத்தது. அட்டைப் படம் வரவேற்பறையில் அப்படியே தொங்கியது. பழைய கட்டுரையை மேற்கோள் காட்டுகிறவர்களின் எண்ணிக்கை வருடா வருடம் ஏறிக்கொண்டே போனது. தப்பைச் சொன்ன கட்டுரையை அவரும் நிதானமும்தான் அதிகம் மேற்கோள் காட்டினார்கள்.

ஓய்வுபெற்ற பிறகும், சாமான்கள் போட்டுவைக்கும் அறைக்குப் பக்கத்தில் ஒரு மேசையைக் கேட்டு வாங்கிக்கொண்டு தினமும் போனார். அந்த மருந்து சேவலைத் தவிர வேறு எதைக் கெடுத்தது என்று தேட ஆரம்பித்தார். எது கெட்டால் செல்கள் எழுந்திருக்காதோ, அதுவல்லவா உண்மையான கதை. எந்தக் குரலும் கொடுக்காத, எண்ணால் மட்டும் அறியப்படும் ஒரு மரபணுவின் மேல் இப்போதைக்குச் சந்தேகம் விழுந்திருக்கிறது. அதற்குப் பெயர் வைக்கலாமா என்று நிதானம் கேட்டதற்கு, எண்ணே போதும் என்றுவிட்டார்.

விருது வாங்கியவர்களை அடுத்த விருதுக்கான தேர்வுக் குழுவில் சேர்ப்பது அங்கே வழக்கம். அவரையும் அழைத்தார்கள். மதியத்துக்குள் முடிந்துவிடுகிற கூட்டம் அது. அவர் ஒவ்வொரு பெயர் வரும்போதும், “இது தப்பா இருக்குமான்னு யாராவது சோதிச்சுப் பார்த்திருக்காங்களா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். கூட்டம் சாயங்காலம்வரை நீண்டது. அந்த வருடம் யாருக்கும் விருது கொடுக்க முடியவில்லை. அடுத்த வருடம் குழு கூடிய அன்று அவருக்கு அழைப்பு வரவில்லை. குழு கூடியதே அவருக்குத் தெரியாது. புதிதாக வந்த மீன்குஞ்சுகளைத் தொட்டி தொட்டியாகப் பிரித்து விட்டுக்கொண்டிருந்தார்.